ஃபாதரா, ஆயரா, பேராயரா? பத்திரிக்கை அடிக்கறப்போ வர்ற தப்புங்க

கல்யாணப் பத்திரிக்கை, ஃப்ளெக்ஸ், விழா நோட்டீஸ் எதுவா இருந்தாலும் கோயமுத்தூர், ஈரோடு பக்கம் கிறிஸ்தவங்க வீட்டு விசேஷத்துல திரும்பத் திரும்பத் தப்பாகுற எடம் ஒண்ணு இருக்குதுங்க, குருமார் பேருக்கு முன்னாடி போடற பட்டம்.

முக்கியமா இந்த 'ஆயர்'. ஆர்.சி.ல, அதாவது ரோமன் கத்தோலிக்கத்துல, ஆயர்னா பிஷப், ஒரு மறைமாவட்டத்துக்கே (பல சர்ச்சுக சேர்ந்த ஒரு பகுதிக்கே) தலைவர். சி.எஸ்.ஐ.ல, அதாவது தென்னிந்தியத் திருச்சபைல, ஞாயித்துக்கெழமை ஆராதனை நடத்துற போதகரையே ஆயர்னுதான் சொல்லுவாங்க, அங்க பிஷப்புன்னா பேராயர். ஆனா பேராயர்ங்கற அதே வார்த்தை ஆர்.சி.க்குப் போனா ஆர்ச்பிஷப், அதாவது உயர்மறைமாவட்டத்துத் தலைவர்னு ஆயிருதுங்க. கோவை கத்தோலிக்க மறைமாவட்டம் புதுச்சேரி-கடலூர் உயர்மறைமாவட்டத்துக்குக் கீழ வருது, பேராயர் இருக்கறது அங்கதான், அதனால பெரியகடை வீதி மைக்கேல் சர்ச்சுக்கு நம்மூரு பிஷப் வர்றாருன்னா ஆயர்னு போட்டாத்தான் சரி. சி.எஸ்.ஐ. கோவை திருமண்டலத்து (மறைமாவட்டத்த அங்க அப்படித்தான் சொல்லுவாங்க) பிஷப்புன்னா பேராயர். ரெண்டு பேரும் ஒரே மேடைல இருக்கற கிறிஸ்மஸ் விழா நோட்டீஸைப் பாத்துட்டு இவரு பெரியவரு அவரு சின்னவருன்னு நெனச்சுக்கறாங்க, அப்படியெல்லாம் இல்லீங்க, ரெண்டு பேருமே பிஷப்தான்.

அடுத்தது, வெள்ளை அங்கி போட்ட எல்லாத்தையும் 'அருட்தந்தை'ன்னு அடிச்சர்றது. அருட்தந்தைன்னா கல்யாணம் பண்ணிக்காத ஆர்.சி. ஃபாதருக்குப் போடறது, சி.எஸ்.ஐ. ஆயர் கல்யாணம் பண்ணி புள்ளகுட்டியோட இருக்கறவரு, அவருக்கு 'அருட்தந்தை இன்னார் மற்றும் குடும்பத்தினர்'னு கார்டு வந்தா படிக்கற கத்தோலிக்கக்காரங்க தெகச்சுப் போயிருவாங்க. அவருக்கு அருட்திரு இல்லீனா ரெவரெண்ட் போதும். அதுக்கும் முன்னாடி ஒரு திரு. வேண்டாம், ரெவரெண்டே மரியாதைக்குத்தான். படிச்சு பட்டம் வாங்கியிருந்தா ரெவரெண்ட் டாக்டர்னு வரும், டாக்டர் ரெவரெண்ட்னு திருப்பிப் போடாதீங்க.

மனசு நோகற தப்புன்னா 'முன்னாள் ஃபாதர்'ங்கறதுதான். மாத்தலாகிப் போனவரு முன்னாள் பங்குத்தந்தை, அது ஒரு சர்ச்சப் பாத்துக்கற பதவி. குருத்துவம் மாத்தல்லயோ ரிட்டயர்மெண்ட்லயோ போயிராது, முன்னாள் ஃபாதர்னு போட்டா அவரு குருவா இருக்கறதையே விட்டுட்டாருன்னு ஆயிரும். வாழ்நாளெல்லாம் சபைக்குன்னு குடுத்த வயசான மனுசருக்கு அதப் பாத்தா எப்படி இருக்கும்னு கொஞ்சம் யோசிங்க.

நேர்ல பேசறப்போ ரெவரெண்ட்னு கூப்புட வேண்டியதில்லீங்க. ஆர்.சி.ல ஃபாதர், பெரியவங்க சாமின்னும் சொல்லுவாங்க, சி.எஸ்.ஐ.ல ஐயா, பெந்தெகொஸ்தேல பாஸ்டர். சந்தேகமா இருந்தா அவங்க சர்ச் ஆபீஸ் லெட்டர்பேடுல எப்படி இருக்குதோ அப்படியே எழுத்துக்கு எழுத்து பிரஸ்ல குடுத்துருங்க, ப்ரூஃப் வந்ததும் அந்த வரிய மட்டும் இன்னொருக்கா பாத்துருங்க.