முற்றத்துக்கு வருவது வல்லூறா, அக்காக்குயிலா?

கானாடுகாத்தானில் எங்கள் வீட்டு இரண்டாங்கட்டு முற்றத்தில் தினமும் காலையில் குருணையும் கம்பும் வைப்பேன். தாழ்வாரத்தில் நெற்கதிர்க் கொத்து தொங்கும். அப்பத்தா காலத்து வழக்கம் அது. சிட்டுக்குருவி, மைனா, தவிட்டுக்குருவி, அணில் என்று ஒரே இரைச்சலாக இருக்கும். அந்த இரைச்சல் சட்டென்று அடங்கினால் தட்டைப் பார்க்காதீர்கள். ஓட்டு விளிம்பையும் வேப்பங்கிளையையும் பாருங்கள்.

"பருந்து வந்துருச்சு" என்றுதான் வீட்டில் எல்லாரும் சொல்வார்கள். பருந்து நல்ல பெரிசு. கள்ளப்பருந்துக்கு வால்நுனி பிளந்திருக்கும், செம்பருந்துக்குத் தலையும் மார்பும் வெள்ளை. இரண்டும் ஊருணிக்கு மேலேதான் வட்டமடிக்கும். முற்றத்துக் குருவிக்குக் குறிவைப்பது பெரும்பாலும் வல்லூறு. வைரி என்றும் சொல்வார்கள். புறா அளவுதான், ஏறக்குறைய 30 சென்டிமீட்டர். குட்டை இறக்கையும் நீள வாலும் இருப்பதால் தூணுக்கும் கிளைக்கும் நடுவே புகுந்து திரும்பிவிடும்.

ஒரு மார்கழிக் காலையில் ஆண் ஒன்று கிணற்று உருளைக் கம்பியில் வந்து உட்கார்ந்தது. பத்தடி தூரம்கூட இருக்காது. முதுகு சாம்பல், மார்பில் செங்கல் நிறத்தில் நெருக்கமான குறுக்குக் கோடுகள், வெள்ளைத் தொண்டையின் நடுவே மேலிருந்து கீழாக ஒற்றைச் சாம்பல் கோடு. கண் குன்றிமணிச் சிவப்பு. பெண் இதைவிடப் பெரிசு, கண் மஞ்சளாக இருக்கும். இளம் பறவைக்கு முதுகு பழுப்பு. மார்பில் குறுக்குக் கோட்டுக்குப் பதிலாகப் பழுப்புத் தீற்றல்கள் சொட்டுச் சொட்டாக இறங்கும்.

ஏமாற்றுவது அக்காக்குயில். அளவு, சாம்பல் நிறம், வால் பட்டை, பறக்கிற விதம் எல்லாமே வல்லூறு மாதிரி. இரண்டு வருஷம் மாமரத்தில் இருந்ததை வல்லூறு என்றே நோட்டில் எழுதி வைத்திருந்தேன். பைனாகுலரில் பார்த்த அன்றுதான் அலகு நேராக இருப்பது தெரிந்தது. வல்லூறின் அலகு அடியிலிருந்தே கொக்கிபோல் வளையும்; காலும் நீளம், கூர் நகம் தனியாகத் தெரியும். அக்காக்குயிலுக்குக் கால் குட்டை, கண்ணைச் சுற்றி மஞ்சள் வளையம். அது தின்பது கம்பளிப்பூச்சி, முட்டையிடுவது தவிட்டுக்குருவியின் கூட்டில். ஆகவே நிறத்தைப் பார்க்கும் முன் அலகைப் பாருங்கள், அப்புறம் காலை.

குரலை மட்டும் நம்ப வேண்டாம். வல்லூறின் கீச்சுக் குரலைக் கரிச்சான் அப்படியே எடுத்துவிடும். அக்காக்குயில் கத்தினால் மட்டும் குழப்பமில்லை: ஒரே கூவல் சுருதி ஏறிக்கொண்டே போய்ச் சட்டென்று நிற்கும்.

சரி, வல்லூறுதான் என்று தெரிந்துவிட்டது. கல்லெடுக்காதீர்கள்; 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதையும் காக்கிறது. அதற்கும் குஞ்சு இருக்கும், பசி இருக்கும். நான்கைந்து நாள் தீனியை நிறுத்துங்கள். நான் தட்டை மருதாணிப் புதருக்குப் பக்கத்தில் மாற்றி வைத்தேன். இப்போது நிழல் விழுந்ததும் குருவிகள் புதருக்குள் பாய்ந்துவிடுகின்றன. வல்லூறு ஓணான் தேடித் தோட்டத்துப் பக்கம் போகிறது.