வெள்ளி இரவு காக்டெயில், சனி காலை ஓட்டம்

பெங்களூரில் ஐடி வேலை. வெள்ளி இரவு டீமோடு இந்திராநகர் பப், சனி காலை கப்பன் பார்க்கில் ஓட்டம். இரண்டையும் விட மனமில்லை.

நேரத்தை முன்னால் இழுத்தேன். ஒன்பதரைக்குள் கடைசி கிளாஸ். 30 மி.லி. பெக் ஒன்றைக் கரைக்கக் கல்லீரலுக்குச் சுமார் ஒரு மணி நேரம் பிடிக்கும். பதினொரு மணிக்குக் குடித்தால் அந்த வேலை தூக்கத்தில்தான் நடக்கும், பின்னிரவில் விழிப்புத் தட்டும். ஜின்னோடு டானிக் வாட்டர் வேண்டாம், சோடாவும் எலுமிச்சையும் போதும். டானிக்கில் சர்க்கரை இருப்பது பலருக்குத் தெரியாது. ஆல்கஹாலே கிராமுக்கு 7 கலோரி, அதற்கு மேல் இது வேறா?

கிளம்புமுன் சுண்டலோ முட்டையோ சாப்பிடுவேன். சனிக்கிழமை மெதுவோட்டம் மட்டும்; வேகப் பயிற்சி செவ்வாய்க்குப் போயிற்று. "இன்னொண்ணு போடு மச்சி" என்பவர்கள் என் கையில் லைம் சோடாவைப் பார்த்தாலே விட்டுவிடுகிறார்கள்.