பத்து முறை வாசித்தும் தேர்வில் வராதது ஏன்? பிளஸ் டூ மாணவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

படிக்காமல் மதிப்பெண் இழப்பவர்களுக்கு இந்தக் கட்டுரை உதவாது. விடியற்காலை எழுந்து, டியூஷனுக்கும் போய், ஒரே பாடத்தைத் திரும்பத் திரும்ப வாசித்துவிட்டு, தேர்வறையில் "படித்தேனே, வரவில்லையே" என்று பேனாவைக் கடித்துக்கொண்டிருப்பவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். அவர்கள் பாடுபடுகிறார்கள். ஆனால் அந்த உழைப்பில் பெரும்பகுதி நினைவில் தங்காத வேலைக்குப் போய்விடுகிறது.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, புத்தகத்தை மூடாமலே படிப்பது. இரண்டாம் முறை வாசிக்கும்போது வரிகள் பழகிவிடுகின்றன. நான்காம் முறை அடுத்த வரி என்னவென்று கண் போகும் முன்பே தெரிகிறது. உடனே "இந்தப் பாடம் முடிந்தது" என்று டிக் அடித்துவிடுகிறோம். வரியைப் பார்த்து அடையாளம் கண்டுகொள்வது வேறு. வெற்றுத்தாளில் அதை வரவழைப்பது வேறு. தேர்வு கேட்பது இரண்டாவதை மட்டும்தான்.

2006-இல் அமெரிக்க உளவியலாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கும் கல்லூரி மாணவர்களிடம் இதைச் சோதித்தார்கள். ஒரு பிரிவினர் ஒரு பத்தியை இருமுறை வாசித்தனர். இன்னொரு பிரிவினர் ஒருமுறை வாசித்துவிட்டு, பார்க்காமல் நினைவிலிருந்து எழுதினர். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது இருமுறை வாசித்தவர்களே முன்னே நின்றார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது நிலைமை தலைகீழானது: எழுதிப் பார்த்தவர்களுக்கு 56 சதவீதம் நினைவிருந்தது, மற்றவர்களுக்கு 42. அந்த ஐந்து நிமிட வெற்றிதான் நம் பிள்ளைகளை ஏமாற்றுகிறது. படித்து முடித்த கையோடு அம்மாவிடம் ஒப்பித்தால் எல்லாம் வருகிறது. மார்ச் மாதத்தில் வருவதில்லை.

ஆகவே ஒரு பகுதியை வாசித்ததும் புத்தகத்தை மூடுங்கள். நினைவில் உள்ளதை ஒரு தாளில் எழுதுங்கள். பிறகு திறந்து, விட்டதைச் சிவப்பு மையில் சேருங்கள். அடுத்த முறை அந்தச் சிவப்பு வரிகளிலிருந்து தொடங்கினால் போதும். இது கசப்பான வேலை, ஏனென்றால் நமக்குத் தெரியாதது அங்கே பளிச்சென்று தெரிந்துவிடும். மஞ்சள் மை பூசுவதிலும், நோட்ஸை அழகிய கையெழுத்தில் மறுபடி படியெடுப்பதிலும் அந்தக் கசப்பு இல்லை. அவற்றின் கவர்ச்சியே அதுதான்.

மனப்பாடத்தை நான் குறை சொல்லவில்லை. தமிழ்த் தேர்வில் குறளை அடிபிறழாமல் எழுதத்தான் வேண்டும். வம்பு எங்கே வருகிறதென்றால், இயற்பியல் தருவித்தலையும் (ஒரு சூத்திரத்தைப் படிப்படியாக வருவிப்பதையும்) குறளைப் போலவே உருப்போடும்போது. முடிவிலா நீளக் கம்பியைச் சுற்றிய மின்புலத்தைக் காஸ் விதியால் காண்பதை எடுத்துக்கொள்ளுங்கள். கம்பியைச் சூழ்ந்ததாகக் கற்பனை செய்யும் உருளையின் மேல், கீழ்த் தளங்கள் வழியே மின்பாயம் (தளத்தை ஊடுருவும் மின்புலத்தின் அளவு) ஏன் சுழியாகிறது என்பதைப் புரிந்துகொண்டவர், நடுவில் ஒரு வரி மறந்தாலும் தானே வருவித்துவிடுவார்: புலம் அங்கே தளத்துக்கு இணையாகச் செல்கிறது, அவ்வளவுதான். வரிவரியாக உருப்போட்டவருக்கு ஒரு வரி தவறினால் மிச்சமும் போய்விடும்.

கணக்கில் பலரும் கவனிக்காத தவறு ஒன்று உண்டு. வகைக்கெழுச் சமன்பாடுகள் பாடத்தில் ஒரு பயிற்சி முழுக்க மாறிகளைப் பிரிக்கும் வகை, அடுத்தது முழுக்கச் சமபடித்தான வகை, அதற்கடுத்தது முழுக்க நேரியல் வகை. வரிசையாகப் போட்டால் எல்லாம் வந்துவிடும், எந்த முறை என்பதைப் பயிற்சியின் தலைப்பே சொல்லிவிடுவதால். வினாத்தாளில் அந்தத் தலைப்பு இருக்காது. இது எந்த வகை என்று கண்டுபிடிப்பதுதான் பாதிக் கணக்கு. அந்தப் பாதிக்குப் பயிற்சியே நடந்திருக்காது. ஒவ்வொரு வகையும் ஓரளவு பழகியபின், மூன்று பயிற்சிகளிலிருந்தும் கணக்குகளைக் கலைத்து எடுத்துப் போடுங்கள். முதலில் தடுமாறும், அது சரியான தடுமாற்றம்.

கடைசி நேரக் குவிப்பைப் பற்றி ஊரே சொல்லும், யாரும் கேட்பதில்லை. 1885-இலேயே ஜெர்மன் உளவியலாளர் எபிங்ஹாஸ், பொருளற்ற அசைகளைத் தானே மனப்பாடம் செய்து ஒரு கணக்கு எடுத்தார். ஒரே நாளில் 68 முறை சொல்லிப் பெற்ற பலன், மூன்று நாட்களில் பிரித்துச் சொன்னபோது 38 முறையிலேயே கிடைத்தது. ஒரு பாடத்தை ஒரே ஞாயிற்றுக்கிழமை நான்கு மணி நேரம் படிப்பதைவிட, நான்கு நாட்கள் ஒவ்வொரு மணி நேரம் படிப்பது மேல். இரவு முழுக்க விழித்திருந்துவிட்டுத் தேர்வறைக்குப் போவது பற்றித் தனியாகச் சொல்ல ஒன்றுமில்லை. கைப்பேசியை வேறு அறையில் வைப்பது பற்றியும் அப்படியே.

பாடங்களை ஒதுக்கிவிட்டுப் படிப்பது இன்னொரு பழைய பழக்கம். "இந்தப் பாடத்திலிருந்து இத்தனை மதிப்பெண்" என்று கணக்குப் போட உதவிய புளூபிரிண்ட் முறையைத் தமிழக அரசு 2017-ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தில் கைவிட்டது. மொத்த மதிப்பெண் 1200 என்பது 600 ஆனதும் அதே சீர்திருத்தத்தில்தான். ஆனாலும் அண்ணன், அக்கா காலத்து "விட்டுவிடலாம்" பட்டியல்கள் இன்னும் கைமாறிக்கொண்டிருக்கின்றன.

அரையாண்டு, திருப்புதல் தேர்வுகளின் விடைத்தாள் கைக்கு வந்ததும் மதிப்பெண்ணை மட்டும் பார்த்து மடித்து வைப்பது எனக்குப் புரியாத வழக்கம். எங்கே விட்டோம் என்பது ஆசிரியரின் சிவப்பு மையில், உங்கள் பெயரிலேயே இருக்கிறது. அதைவிடப் பொருத்தமான கைடு கடையில் கிடைக்காது. தெரியாமல் விட்டதா, தெரிந்தும் நேரமில்லாமல் விட்டதா, வினாவைத் தவறாக வாசித்ததா என்று ஒவ்வொரு பிழைக்கும் பக்கத்தில் குறித்துவையுங்கள். மூன்றுக்கும் மருந்து வேறு.

மூன்றாவதற்கான மருந்து, தேர்வறையில் வினாத்தாளை வாசிக்கத் தரப்படும் பத்து நிமிடங்கள். இயற்பியலில் ஒன்பது இரண்டு மதிப்பெண் வினாக்களில் ஆறு எழுதினால் போதும். ஆனால் 24-ஆவது வினா கட்டாயம். மூன்று மதிப்பெண் பகுதியில் 33-ஆவது அப்படி. அந்த இரண்டையும் முதலில் வாசித்துவிட்டு மற்றவற்றைத் தேர்ந்தெடுங்கள்.