கார் ஹெட்லைட் பல்பை வீட்டிலேயே மாற்றுவது: ஸ்பிரிங் கம்பியில் மட்டும் பொறுமை தேவை

போன வாரம் இரவு வண்டியை எடுத்தபோது, எதிர்ச் சுவரில் ஒரு பக்கம் மட்டும் வெளிச்சம் விழுந்தது. இடது ஹெட்லைட்டில் லோ பீம் போயிருந்தது. ஹை பீம் போட்டால் இரண்டு பக்கமும் எரிந்தது. இப்படி ஒன்று போய் இன்னொன்று எரிந்தால், உங்கள் வண்டியில் இருப்பது பெரும்பாலும் ஹெச்4 பல்பு. ஒரே கண்ணாடிக்குள், சூடாகி ஒளிரும் இரண்டு மெல்லிய கம்பி இழைகள் இருக்கும். லோ பீமுக்கு 55 வாட், ஹை பீமுக்கு 60 வாட். அதில் ஒன்று அறுந்தாலும் முழு பல்பையும்தான் மாற்ற வேண்டும்.

இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் அணைந்திருந்தால் பல்பு வாங்க அவசரப்படாதீர்கள். முதலில் ஃபியூஸ், ரிலே (லைட்டுக்குப் போகும் மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் சின்னப் பெட்டி), சுவிட்ச் மூன்றையும் பாருங்கள்.

எந்த வகை பல்பு என்பது வண்டியின் கையேட்டில் இருக்கும், பழைய பல்பின் அடிப்பாகத்திலும் அச்சிட்டிருக்கும். ஹெச்4, ஹெச்7, ஹெச்11, ஹெச்பி3 என்று எது போட்டிருக்கிறதோ அதையே வாங்குங்கள். வாங்கும்போது இரண்டாக வாங்கி, இரண்டு பக்கமும் மாற்றிவிடுங்கள். ஒரே நாளில் பொருத்திய இரண்டு பல்புகளில் ஒன்று ஆயுள் முடிந்து போனால், மற்றதும் அதிக நாள் தள்ளி இருக்காது.

வேலையைத் தொடங்கும் முன் ஒன்று செய்யுங்கள். சமதரையில், சுவருக்கு எதிராக வண்டியை நிறுத்தி லோ பீம் போட்டு, நன்றாக எரியும் பக்கத்தின் வெளிச்சம் சுவரில் எந்த உயரத்தில் முடிகிறது என்று ஒரு டேப் ஒட்டி வையுங்கள். இது எதற்கு என்று பின்னால் சொல்கிறேன்.

சரி, இப்போது லைட்டை அணைத்து, சாவியை எடுத்துவிட்டு, பதினைந்து நிமிடம் ஆறவிடுங்கள். பானெட்டைத் திறந்து ஹெட்லைட்டின் பின்பக்கம் போனால், பல்பில் ஒயரை இணைக்கும் கனெக்டர் தெரியும். அதை நேராகப் பின்னால் இழுத்துக் கழற்ற வேண்டும். ஒயரைப் பிடித்து இழுக்காதீர்கள், கனெக்டரின் உடலைப் பிடித்து இடமும் வலமுமாக லேசாக அசைத்தால் வந்துவிடும். அப்புறம் ரப்பர் மூடி. அதன் விளிம்பில் இருக்கும் காதைப் பிடித்து உரித்து எடுங்கள்.

ஸ்பிரிங் கம்பி

என்னை முக்கால் மணி நேரம் நிறுத்தி வைத்த இடம் இதுதான். பல்பை அதன் இடத்தில் அழுத்திப் பிடித்துக்கொண்டிருப்பது ஒரு மெல்லிய கம்பி. அதன் ஒரு முனை கீல் போல நிரந்தரமாக மாட்டியிருக்கும். மறுமுனை சின்னக் கொக்கியில் சிக்கியிருக்கும். நான் அதை என் பக்கமாக இழுத்துப் பார்த்தேன். அப்படி இழுத்தால் கம்பி வளையுமே தவிர விடுபடாது. முதலில் வண்டியின் முன்பக்கம் நோக்கி உள்ளே அழுத்த வேண்டும், அழுத்தியபடியே பக்கவாட்டில் நகர்த்த வேண்டும், பிறகு விட்டால் தானாகத் திறக்கும். சில வண்டிகளில் கம்பியின் இரண்டு கால்களையும் ஒன்றோடொன்று சேர்த்து அழுத்த வேண்டியிருக்கும். எப்படி என்று கையால் தடவிக் கண்டுபிடிக்கப் பார்க்காதீர்கள். கைப்பேசியை உள்ளே நீட்டி ஒரு படம் எடுத்துப் பாருங்கள், கொக்கி எங்கே என்று உடனே புரிந்துவிடும்.

கம்பி திறந்ததும் பழைய பல்பை எடுத்துவிடாமல், அதே பல்போடு நான்கைந்து முறை மூடித் திறந்து பழகுங்கள். எரியாமல் போன பல்பில் கை பட்டாலும் கவலையில்லை. கைக்குப் பழகிய பிறகு புதியதைத் தொட்டால் பாதிப் பதற்றம் குறைந்துவிடும்.

புதிய பல்பைப் பொருத்துவது

கண்ணாடியைத் தொடவே கூடாது. ஹெச்4 போன்ற ஹாலஜன் பல்பின் கண்ணாடி எரியும்போது 250 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாகும். விரலில் இருக்கும் எண்ணெயும் உப்பும் அதில் ஒட்டியிருந்தால், அந்த இடம் மட்டும் கூடுதலாகச் சூடேறி, கண்ணாடி பலவீனமாகி, பல்பு சீக்கிரமே போய்விடும். உலோக அடிப்பாகத்தை மட்டும் பிடியுங்கள். தவறிப் பட்டுவிட்டால் ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் நனைத்த, நூல் உதிராத துணியால் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு மாட்டுங்கள். கையுறை போடுவதென்றால் மெல்லிய நைட்ரில் கையுறைதான் சரி. தடித்த வேலைக் கையுறை போட்டால் கம்பி விரலுக்குத் தெரியாது.

ஹெச்4 பல்பின் அடியில் மூன்று காதுகள் உண்டு. அகலமான காது மேலே வர வேண்டும். மூன்றும் தத்தம் பள்ளத்தில் விழுந்தால் பல்பு அசையாமல் நிற்கும். நான் முதல் முறை செய்தபோது ஒரு காது பள்ளத்தில் இறங்காமல் விளிம்பின் மேலேயே உட்கார்ந்திருந்தது. அது தெரியாமல் கம்பியை அழுத்தி மூடிவிட்டேன். லைட் எரிந்தது, நானும் வேலை முடிந்தது என்று நம்பினேன். அன்று இரவு எதிரே வந்தவர்கள் எல்லோரும் லைட் அடித்துக் காட்டினார்கள். லோ பீம் இழைக்குக் கீழே ஒரு சின்ன உலோகக் கிண்ணம் இருக்கிறது. வெளிச்சம் மேல்நோக்கிச் சிதறாமல் தடுப்பது அதுதான். பல்பு கொஞ்சம் சாய்ந்தாலும் இழை தன் இடத்திலிருந்து விலகி, வெளிச்சம் எதிரே வருபவர் கண்ணில் போய் அடிக்கும்.

அதனால் கம்பியை மூடும் முன், பல்பின் அடிப்பாகத்தைப் பிடித்து லேசாகத் திருப்பிப் பாருங்கள். திரும்பினால் இன்னும் உட்காரவில்லை என்று பொருள்.

பிறகு ரப்பர் மூடியைச் சுற்றிலும் விரலால் அழுத்திப் பொருத்துங்கள். ஓர் இடத்தில் மடிந்திருந்தாலும் ஈரம் உள்ளே போகும், நாளடைவில் பிரதிபலிப்பான் மங்கிவிடும். கடைசியாகக் கனெக்டர்.

இப்போது அந்த டேப் ஒட்டிய சுவர். வண்டியை அதே இடத்தில் வைத்து லோ பீம் போடுங்கள். இரண்டு பக்கமும் டேப் உயரத்திலேயே தெளிவான கோடாக முடிந்தால் பல்பு சரியாக உட்கார்ந்திருக்கிறது. ஒரு பக்கம் மேலே ஏறியோ கலங்கியோ இருந்தால், உயரம் திருத்தும் திருகைத் தொடாதீர்கள், பல்பைக் கழற்றி மறுபடி மாட்டுங்கள்.

எத்தனை வாட் என்பதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். 100/90 வாட் பல்பு (ஹை பீமுக்கு 100, லோ பீமுக்கு 90) எளிதாகக் கிடைக்கும், கண்ணுக்குப் பிரகாசமாகவும் இருக்கும். ஆனால் 12 வோல்ட்டில் 55 வாட் பல்பு ஏறக்குறைய 4.6 ஆம்பியர் இழுக்கிறது. 90 வாட் பல்பு 7.5 ஆம்பியர். அந்த ஒயரும் கனெக்டரும் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. ஹாலஜன் கூட்டுக்குள் எல்இடி பல்பு செருகுவதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். இழை இருக்க வேண்டிய அதே புள்ளியிலிருந்து, அதே வடிவில் வெளிச்சம் வராவிட்டால், எதிரே வருபவர் கண் கூசும், உங்கள் சாலையும் சரியாகத் தெரியாது.

பின்சேர்க்கை: இதைப் படித்துச் செய்து பார்த்த ஒருவர், புதிய பல்பும் இரண்டு வாரத்தில் போய்விட்டது என்றார். கனெக்டரைப் பார்க்கச் சொன்னேன். பிளாஸ்டிக் பழுப்பாகி உருகியிருந்தது. தொடர்பு தளர்ந்தால் அங்கே சூடேறும், அப்படியானால் கனெக்டரையும் மாற்றியே ஆக வேண்டும். பீங்கான் கனெக்டர் கிடைத்தால் அதையே போடுங்கள்.

இன்னொருவர் தன் வண்டியில் கம்பியே இல்லை என்றார். ஹெச்11, ஹெச்பி3, ஹெச்பி4 வகைகளுக்குக் கம்பி கிடையாது. பல்பை இடப்பக்கமாகக் கால் சுற்றுத் திருப்பினால் வெளியே வரும். அதில் இருக்கும் ரப்பர் வளையம் முறுக்கிக்கொள்ளாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

கை நுழைய இடமில்லாமல் பேட்டரியைக் கழற்ற வேண்டியிருந்தால் நெகட்டிவ் முனையை முதலில் கழற்றுங்கள், மாட்டும்போது அதைக் கடைசியில் மாட்டுங்கள். உங்களுடையது செனான் ஹெட்லைட் என்றால் நிறுத்திவிட்டு மெக்கானிக்கிடம் போய்விடுங்கள். அதை எரிய வைக்கும் மின்னழுத்தம் 20,000 வோல்ட்டைத் தாண்டும்.

மறுபக்கத்திலிருந்து கழற்றிய, இன்னும் நன்றாக எரியும் பழைய பல்பைத் தூக்கிப் போடாதீர்கள். புதியது வந்த பெட்டியிலேயே வைத்து, வண்டிக்குள் போட்டு வையுங்கள். நடு வழியில் ஒன்று போனால், வீடு வந்து சேர அது போதும்.