கேமராவுக்குத் தனி வைஃபை

வீட்டு வாசலில் வைஃபை கேமரா பொருத்துபவர்கள், கைப்பேசியும் கணினியும் இயங்கும் அதே வைஃபையில் அதைச் சேர்க்காமல், ரூட்டரில் உள்ள 'கெஸ்ட் நெட்வொர்க்' (விருந்தினருக்கான தனி வைஃபை) வசதியை இயக்கி, கேமராவை அதில் மட்டும் இணைப்பது நல்லது. இதற்குத் தனிச் செலவு எதுவும் இல்லை. கேமராவின் மென்பொருள் ஓட்டை வழியாக யாரேனும் உள்ளே நுழைந்தாலும், வங்கிச் செயலி உள்ள கைப்பேசியையோ கணினியையோ அங்கிருந்து எட்ட முடியாதபடி ரூட்டரே தடுத்துவிடுகிறது. ஆனால், கேமராவோடு வந்த கடவுச்சொல்லை மாற்றாமல் இதை மட்டும் செய்தால் போதாது: 2016இல் பரவிய மிராய் என்னும் தீநிரல், மாற்றப்படாத கடவுச்சொற்களைக் கொண்டே ஏராளமான கேமராக்களைக் கைப்பற்றியது. இந்தத் தனி வைஃபையின் கடவுச்சொல்லை மாடியில் குடியிருப்போர் உட்பட யாருக்கும் தர வேண்டாம். பல கேமராக்கள் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மட்டுமே இயங்குவதால், அந்த அலைவரிசையிலேயே கெஸ்ட் நெட்வொர்க்கை அமைக்க வேண்டும்.

கேமராக்களின் பதிவை வீட்டிலேயே என்.வி.ஆர். என்னும் பதிவுப் பெட்டியில் சேமிப்பவர்களுக்கு இம்முறை ஒத்துவராது. பெட்டியும் கேமராவும் பொதுவாக ஒரே நெட்வொர்க்கில் இருந்தாக வேண்டும். கடலூரிலும் புதுச்சேரியிலும் புயல் காலத்தில் இணையம் அறுந்துபோனால், முதன்மை வைஃபையில் உள்ள கைப்பேசியில் நேரலை தெரியாது என்பதால், கேமராவில் மெமரி கார்டு இருப்பது அவசியம். மின்சாரமும் நின்றுவிட்டால் அதுவும் பதியாது.