கேம் கணக்கை மீட்டேன், அப்புறம் மும்பை லாகின் வந்தது

வாங்கி வைத்திருந்த ஸ்கின்கள் (கேம் பாத்திரங்களுக்கான அலங்காரத் தோற்றங்கள்) சில காணாமல் போனபோதுதான் என் கேம் கணக்கில் யாரோ புகுந்திருப்பது தெரிந்தது. முதலில் மின்னஞ்சலைத்தான் பூட்டினேன். பாஸ்வேர்டு மாற்றும் இணைப்பு அங்கேதான் வரும். அது திருடன் கையில் இருந்தால் மற்றதைப் பூட்டிப் பயனில்லை. ஜிமெயில் செட்டிங்ஸில் ஃபார்வர்டிங், ஃபில்டர் இரண்டையும் கட்டாயம் பாருங்கள். கேம் நிறுவனத்தின் எச்சரிக்கை மெயில்களை நேரே குப்பைக்கு அனுப்பும் ஃபில்டர் ஒன்றை அவன் போட்டு வைத்திருந்தான்!

அப்புறம் கேம் கணக்கு: புதிய பாஸ்வேர்டு, எல்லாச் சாதனங்களிலிருந்தும் லாக் அவுட், லாகினின்போது ஒருமுறைக் குறியீடு தரும் ஆதென்டிகேட்டர் செயலி. அந்தச் செயலி கைவசம் இல்லாதபோது நுழைய உதவும் பேக்கப் குறியீடுகளைத் தாளில் எழுதி வைத்தேன்.

சரி, முடிந்தது என்று பார்த்தால் லாகின் பட்டியலில் மும்பை. நான் இருப்பதோ மதுரை. நேரத்தையும் போன் மாடலையும் ஒப்பிட்டேன். மொபைல் டேட்டாவில் நான் நுழைந்ததுதான் அது. பட்டியலில் வரும் ஊர், ஐபி முகவரியை (இணைய இணைப்புக்கான எண்ணை) வைத்துச் சொல்வது. ஐபி முகவரியில் ஊர்ப் பெயர் கிடையாது, தரவுத்தளங்கள் ஊகித்துத்தான் சொல்கின்றன. மொபைல் நிறுவனங்கள் பலரை ஒரே பொது முகவரி வழியாக அனுப்புவதால் வேறு நகரம் காட்டுவது சகஜம். அமெரிக்காவில், துல்லியமான இடம் தெரியாத கோடிக்கணக்கான முகவரிகளுக்கு மேக்ஸ்மைண்ட் நிறுவனத்தின் தரவுத்தளம் கான்சாஸ் மாநிலப் பண்ணை ஒன்றைக் காட்டிவந்தது 2016-ல் வெளிவந்தது. பாவம், அந்த வீட்டுக்குப் போலீஸே தேடி வந்திருக்கிறது.

உங்களுக்கும் சந்தேகம் வந்தால் வைஃபையிலும் மொபைல் டேட்டாவிலும் மாறி மாறி லாகின் செய்து, எந்த ஊர் பதிவாகிறது என்று பாருங்கள். நேரமோ சாதனமோ பொருந்தாத லாகின் இருந்தால் உடனே துண்டியுங்கள்.