படகுக்கு மூடிய ரெயிலர் தேவையா? வன்னி றோட்டுக்கு ஏற்ற ஏற்றுமுறை

வாடை பிறந்தால் முல்லைத்தீவுக் கடலில் தொழில் குறையும். படகை மேற்குக் கரைக்கு மாற்ற நினைப்பவர்கள் புதுக்குடியிருப்பு, பரந்தன், பூநகரி கடந்து நாச்சிக்குடா வரைக்கும் தரைவழியே கொண்டுபோக வேண்டும். அப்போது எழுகிற கேள்வி: நாலு பக்கமும் தகரம் அடித்த மூடிய ரெயிலர் செய்விப்பதா, திறந்த சட்டம் போதுமா? படகுக்குத் திறந்த சட்டம் போதும். மெசினுக்கும் வலைக்கும்தான் மூடிய பெட்டி வேண்டும்.

முழுதாக மூடினால் என்ன வரும் என்று கணக்குப் பார்ப்போம். 18 அடிப் பைபர் படகு ஏறக்குறைய 5.5 மீற்றர் நீளம். அது புக உள்ளே 6.5 மீற்றர் நீளம், 2.1 மீற்றர் அகலம், 1.8 மீற்றர் உயரம் வேண்டும். பக்கம், கூரை, முன், பின் எல்லாம் சேர 45 சதுர மீற்றர் தகரம். 1.2 மில்லிமீற்றர் இரும்புத் தகரம் சதுர மீற்றருக்கு 9.4 கிலோ. அதாவது தகரம் மட்டும் 420 கிலோ, இன்னும் சட்டம், கதவு சேர்க்கவில்லை. வெறும் படகை விடப் பெட்டி பாரமாகிவிடும். காற்றையும் பாருங்கள்: மணிக்கு 54 கிலோமீற்றர் வேகக் காற்று அந்தப் பக்கச் சுவரில் 150 முதல் 200 கிலோ வரை அழுத்தும். பூநகரி வெட்டையில் அதை மறிக்க ஒரு மரமும் இல்லை. போதாததற்கு, உப்பு ஈரத்தோடு படகை உள்ளே அடைத்தால் முதலில் துருப்பிடிப்பது ரெயிலரின் உட்சட்டம், அதுவும் கண்ணுக்குத் தெரியாத மூலையில்.

1. சட்டத்தில் படகு எங்கே இருக்கிறது?

பைபர் படகு தன் பாரத்தைப் பெரும்பாலும் ஏராவிலும் (அடியில் நடுவே நீளமாகப் போகும் முதுகுத்தண்டு) உள்ளே குறுக்கே போகும் சட்டங்களிலும்தான் தாங்கும். ஆகவே ஏராவுக்குக் கீழே நாலு றப்பர் உருளை, இரண்டு பக்கமும் நீளவாக்கில் ஒவ்வொரு பலகை. பலகை 4 அங்குல அகலம், குறைந்தது 8 அடி நீளம், மேலே பழைய ரயர் றப்பர். றப்பரை ஆணியால் அடிக்க வேண்டாம், பலகையின் பக்கவாட்டில் மடித்துத் திருகுங்கள். மேலே ஒரு ஆணித்தலை நின்றால், ஐம்பது கிலோமீற்றர் குலுக்கலில் அந்த இடத்தில் சிலந்தி வலை போல மயிரளவு வெடிப்பு வரும். கடலில் இறக்கிய பிறகுதான் அது தண்ணீர் குடிப்பது தெரியும்.

ரெக்ரர் பெட்டியில் ஏற்றுவதுதான் பலருடைய வழக்கம். கிட்டத்துக்குப் பரவாயில்லை. ஆனால் படகின் வயிறு பின் தட்டியின் விளிம்பில் மட்டும் தங்கக் கூடாது. தட்டியைக் கழற்றிவிட்டு, வைக்கோல் அடைத்த உரப்பைகளை நீளத்துக்கு அடுக்கிப் பாரத்தைப் பரப்புங்கள். வெளியே நீட்டும் கடையாரில், அதாவது படகின் பின்பக்கத்தில், சிவப்புத் துணி, இரவென்றால் சிவப்பு லைற்.

2. மெசினைக் கழற்றுங்கள்

40 குதிரைவலு மெசின் 70 கிலோவை ஒட்டி வரும். கடையார்ப் பலகையில் தொங்கவிட்டுக் கிறவல் றோட்டில் போனால், ஒவ்வொரு கிடங்கிலும் அந்த 70 கிலோ இரண்டு மூன்று மடங்காக உதைக்கும். பலகை மூலையில் வெடிப்பது இதனால்தான். கழற்றியதும் கொஞ்ச நேரம் நிமிர்த்தி வைத்துத் தண்ணீரை வடியவிடுங்கள். காபரேற்றரில் கிடக்கும் எண்ணெயையும் வடியுங்கள். படுக்க வைப்பதென்றால் தலைப்பகுதி எப்போதும் பாதத்தை விட உயரமாக இருக்க வேண்டும். பாதம் உயர்ந்தால் மிச்ச உப்புத் தண்ணீர் சிலிண்டருக்குள் போய்விடும்.

3. மூடிய பெட்டி இங்கேதான்

படகின் முன்பக்கமான அணியத்துக்குக் கீழே, முன் இழுவைச் சட்டத்தின் மேல் இடம் சும்மா கிடக்கும். அங்கே 5 அடி நீளம், இரண்டரை அடி அகலம், 2 அடி உயரத்தில் பூட்டுப் போடும் பெட்டி. மெசின், காய்ந்த வலை, உதிரிச் சாமான் எல்லாம் அதற்குள். ஈர வலையை மடித்துப் பூட்டினால் அடுத்த நாள் திறக்கவே மனம் வராது, எலியும் தேடி வரும். பெற்றோல், மண்ணெண்ணெய்த் தாங்கிகளை உள்ளே வைக்காதீர்கள். பெற்றோல் ஆவி காற்றை விடப் பாரம், அடியில்தான் தேங்கும். மெசினில் மிச்சம் நிற்கும் எண்ணெயின் ஆவி வெளியேற, பெட்டியின் அடித்தட்டிலும் நாலு துளை போடுங்கள், மேலே மட்டும் போட்டால் பயனில்லை. தாங்கி வெளியே நிமிர்ந்து நிற்கட்டும், மூடியின் காற்றுத் திருகு இறுகியிருக்கட்டும்.

4. கொழுவியில் எவ்வளவு பாரம்?

புதிதாகச் செய்பவர்கள் பெரும்பாலும் பிழைவிடும் இடம் இது. மொத்தப் பாரத்தில் 7 முதல் 10 வீதம் வரை கொழுவியில், அதாவது ரெயிலரை வாகனத்தில் மாட்டும் இடத்தில், இருக்க வேண்டும். படகு 300 கிலோ, சாமானோடு பெட்டி 120, ரெயிலர் 200 என்றால் மொத்தம் 620. கொழுவியில் 45 முதல் 60 கிலோ. ஆள் நிறுக்கும் தராசைச் சிமெந்துக்கல் மேல் வைத்து, ரெயிலர் மட்டமாக நிற்கும்படி கொழுவியை அதில் இறக்கினால் தெரிந்துவிடும். குறைந்தால் ஓட்டத்தில் வால் ஆடும். வேகம் கூடக்கூட ஆட்டமும் கூடும், பிறேக் போட்டால் சில்லு றோட்டை விட்டு இறங்கும். கூடினால் இழுக்கும் வாகனத்தின் முன்பக்கம் தூக்கும். யூ போல்ற்றைத் தளர்த்தி அச்சை முன்னே பின்னே நகர்த்திச் சரிசெய்யுங்கள்.

5. கட்டுதல்

அணியத்து வளையத்திலிருந்து முன்னுக்கு ஒரு கட்டு, கடையாரிலிருந்து இரண்டு பக்கமும் கீழ்நோக்கி ஒவ்வொன்று, நடுவில் குறுக்கே ஒரு பட்டி. விளிம்பில் உரசும் இடத்தில் பழைய ரியூப் துண்டு. நைலோன் கயிறு நனைந்தால் நீளும், ஆகவே முதல் 5 கிலோமீற்றரில் நிறுத்தி மறுபடி இறுக்குங்கள். படகின் அடியில் தண்ணீர் வடியும் துளையை அடைக்கும் அடித்தக்கையைக் கழற்றி வையுங்கள். மழை பெய்து மூன்று சதுர மீற்றர் அடித்தளத்தில் 10 சென்ரிமீற்றர் தண்ணீர் நின்றாலே 300 கிலோ, இன்னொரு படகை ஏற்றியது போல. தறப்பாள் போடுவதென்றால் இறுக்கமாக, இல்லையேல் போடாமலே விடுங்கள்.

தார் றோட்டில் 40, கிறவலில் 20 கிலோமீற்றர் வேகம் போதும். வட்டுவாகல் பழைய பாலம் ஒடுக்கம், எதிரே வாகனம் இல்லையென்று பார்த்துத்தான் ஏற வேண்டும். இரவில் றோட்டில் படுத்துக் கிடக்கும் மாடுகளுக்குப் படகின் பாரம் விளங்காது. பகலில் போங்கள்.

6. கரையில்

சில்லைக் கடலுக்குள் விடாமல், ஈர மணலில் ரெயிலரை நிறுத்திப் பனங்குற்றி மேல் படகை உருட்டி இறக்குங்கள். ஓடி வந்த சூட்டோடு சில்லு தண்ணீரில் இறங்கினால் ஹப்புக்குள் இருக்கும் காற்று சட்டென்று சுருங்கி, உப்புத் தண்ணீரைச் சீல் வழியே உறிஞ்சும். கிறீஸ் பாலாடை போல வெளுத்திருந்தால் தண்ணீர் போய்விட்டது என்று அர்த்தம். அன்றைக்கே கழுவிப் புதுக் கிறீஸ் போடாவிட்டால் பெயாரிங் கரகரக்கத் தொடங்கும். இறங்கித்தான் ஆக வேண்டுமென்றால் அரை மணி நேரம் ஆறவிட்டு இறக்கி, பிறகு நல்ல தண்ணீரால் கழுவுங்கள். மிச்சச் சில்லு ஒன்று, பெயாரிங் ஒரு சோடி, சீல் இரண்டு, கிறீஸ் ஒரு ரின், ஜக்குக்குக் கீழே வைக்க ஒரு பலகைத் துண்டு ஆகியவை பெட்டிக்குள் இருக்கட்டும். மணலில் பலகை இல்லாமல் ஜக் வைத்தால் வண்டி உயராது, ஜக்தான் புதையும்.